சுடத் தெரியாதவர்களுக்கும் வேலை உண்டு: டீம் ஃபோர்ட்ரஸ் 2

துப்பாக்கி விளையாட்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். எனக்கு வயது 48. மூக்குக் கண்ணாடி இல்லாமல் திரையில் எழுத்துத் தெரியாது. கண் இமைக்கும் நேரத்தில் மவுஸைத் திருப்பி ஒருவன் நெற்றியில் குறிவைப்பது இந்தப் பிறவியில் எனக்கு வாய்க்காது. பகலில் தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும், கோவையில் படிக்கும் என் தங்கை மகனோடு டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆடுகிறேன். இந்த வகை விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், அதிலும் கை வேகம் இல்லாதவர்கள், முதலில் தொட வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. விளையாட்டு பழையது, சில இடங்களில் பொறுமையைச் சோதிப்பது. அதையும் மறைக்கப் போவதில்லை.

பழையது என்றால் உண்மையிலேயே பழையது. 1996இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாக்கர், ஜான் குக், இயன் காஃப்லி என்ற மூன்று பேர், குவேக் என்ற விளையாட்டின்மேல் ஒட்டுவேலையாகச் செய்தது இதன் மூதாதை. வாக்கரும் குக்கும் பிறகு வால்வ் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1998இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பாகம் 2007 அக்டோபரில்தான் வெளிவந்தது. 2011 ஜூனிலிருந்து இலவசம். வால்வின் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கணக்கு இருந்தால் போதும்.

சிவப்பு, நீலம் என்று இரண்டு அணிகள். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் ஒன்பது பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு களத்தில் இறங்க வேண்டும். இறந்து எழும்போது வேறு பாத்திரத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஸ்கவுட் ஓடுவான். ஹெவி மெதுவாக நடப்பான், 300 உயிர்ப்புள்ளி உள்ளவன். இப்படி ஆளுக்கொரு குணம்.

புதியவர்களுக்கு இந்த விளையாட்டு செய்யும் பெரிய உபகாரம் கண்ணுக்கு. இதன் ஓவியர்கள் ஜே. சி. லெயண்டெக்கர், நார்மன் ராக்வெல் போன்ற அமெரிக்க விளம்பர ஓவியர்களின் பாணியைப் பின்பற்றி ஆட்களை வரைந்திருக்கிறார்கள். நிழலுருவை மட்டும் பார்த்தே ஆளை இனம் காணலாம். தூரத்தில் ஒரு மலை நகர்ந்தால் ஹெவி. ஒட்டடைக்குச்சி உடம்பும் குல்லாவும் பாய்ந்து வந்தால் ஸ்கவுட். கட்டடங்களுக்கும் கணக்கு உண்டு. சிவப்பு அணியின் பக்கம் மரப்பலகைகளும் தானியக் கிடங்குகளும். நீல அணியின் பக்கம் கான்கிரீட்டும் தகரமும். வழி தவறினாலும் யார் வீட்டில் நிற்கிறோம் என்பது சுவரைப் பார்த்தாலே புரிந்துவிடும். புதிய துப்பாக்கி விளையாட்டுகள் பலவற்றில் புகையும் மின்னலும் சூழ, எதிரி எவன், நம்மாள் எவன் என்று தெரிவதற்குள் நான் இறந்திருப்பேன். இங்கே யார் கொன்றார்கள் என்பதுகூடத் தெளிவாகத் தெரியும். இறந்த நொடியில் திரை உறைந்து, கொன்றவனையும் அவனுக்கு மிச்சமிருக்கும் உயிர்ப்புள்ளியையும் காட்டும்.

இத்தனை அக்கறையாகச் செய்தவர்கள் பயிற்சியில் கோட்டைவிட்டிருக்கிறார்கள். பயிற்சிப் பகுதி சோல்ஜர், டெமோமேன், ஸ்பை, இன்ஜினியர் ஆகிய நால்வருக்கு மட்டுமே உண்டு. மற்ற ஐவர் அநாதைகள். அந்த ஐவரில் மெடிக் ஒருவன் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். ஏனென்றால் என்னைப் போன்றவர்கள் தொடங்க வேண்டியது மெடிக்கிடம்தான்.

மெடிக் ஜெர்மன் உச்சரிப்பில் பேசும், கொஞ்சம் கிறுக்குப் பிடித்த மருத்துவர். அவர் கையில் இருக்கும் மெடிகன் என்ற கருவி, காயம்பட்ட தோழனை நோக்கித் திருப்பினால் ஒரு ஒளிக்கற்றையாகப் பற்றிக்கொள்ளும். ஒருமுறை பற்றிவிட்டால் பிறகு குறிபார்க்கத் தேவையில்லை. அவர் அருகே நடந்தால் போதும். பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமே என்று விரல் வலிக்கிறதா? அமைப்புகளில் அதற்கும் ஒரு தெரிவு இருக்கிறது, ஒருமுறை அழுத்தினாலே தொடர்ந்து ஓடும். காயம்பட்ட தோழர்களைச் சுவருக்கு அப்பாலும் அடையாளம் காட்டும் தெரிவு ஒன்றும் அங்கேயே உண்டு. இரண்டையும் முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி இதன் சூட்சுமத்துக்கு வருகிறேன். நலமாக இருப்பவருக்கும் மருந்து ஏற்றலாம். வழக்கமான உயிரில் ஒன்றரை மடங்குவரை ஏறும். ஹெவிக்கு 450 என்று ஆகிவிடும். ஆனால் அந்த உபரி கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். இன்னொன்று, சண்டையிலிருந்து விலகிச் சில நொடிகள் அடிபடாமல் இருந்தவருக்கு மருந்து வேகமாக ஏறும். அடிவாங்கிக்கொண்டே இருப்பவருக்கு மெதுவாகத்தான் ஏறும். அதனால் ஒரே ஹெவியின் முதுகுக்குப் பின்னால் ஆட்டம் முடியும்வரை ஒட்டிக்கொண்டு நிற்பது வீண். பந்தியில் பரிமாறிப் பழகியவர்களுக்கு இது யாரும் சொல்லாமலே பிடிபடும்: ஒரே இலை முன்னால் வாளியோடு நிற்பதில்லை, எந்த இலை காலியாகிறது என்று பார்த்துக்கொண்டே நகர்கிறோம்.

அப்படி நகர்கிறவருக்கு விளையாட்டு கூலியும் கொடுக்கிறது. மருந்து ஏற்ற ஏற்ற ஊபர்சார்ஜ் என்ற அளவி நிரம்பும். காயம்பட்டவர்களுக்கே ஏற்றினால் 40 நொடியில் நிறையும். ஏற்கெனவே நிரம்பி வழிகிறவருக்கு ஏற்றினால் அதன் வேகம் பாதியாகும். நிறைந்ததும் வலது பட்டனை அழுத்தினால் மெடிக்கும் அவர் பற்றியிருக்கும் ஆளும் எட்டு நொடிக்கு எந்தக் குண்டும் தைக்காதவர்கள் ஆகிறார்கள். எதிரணியின் தானியங்கித் துப்பாக்கிகள் வரிசையாக நின்று வழியை அடைத்திருக்கும் இடங்களை உடைக்கப் பெரும்பாலும் இந்த எட்டு நொடிதான் வழி.

இதை எப்போது, யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. அழுத்தாமல் இறந்துவிட்டால் சேர்த்தது அத்தனையும் போச்சு. அதற்காக அவசரப்பட்டு அழுத்தினால் எட்டு நொடியும் ஓடிக் கடக்கவே செலவாகும். அந்த எட்டு நொடிக்குள் இலக்கான இடத்தைக் கைப்பற்றவும் முடியாது. எதிரிகளை விரட்டலாம், அவ்வளவுதான். ஆகவே பின்னால் யாராவது வர வேண்டும். தங்கை மகன் தொலைபேசியில், "பெரியம்மா, இன்னும் கொடுக்காதீர்கள், மூலை திரும்பட்டும்" என்பான். அவன் ஆடுவது வெடிகுண்டு வீசும் டெமோமேன். கையில் எத்தனை குண்டு இருக்கிறது என்று நான் கேட்பேன். குண்டு தீர்ந்தவனுக்குச் சாகாவரம் எதற்கு? வாதாடிக்கொண்டே மூலையைத் திரும்புவோம். கணிதப் பாடத்தில் மட்டும் அவன் இவ்வளவு துல்லியமாக இருந்திருந்தால் என் தங்கைக்கு ரத்த அழுத்தம் வந்திருக்காது.

மெடிக்கின் எமன் ஸ்பை. எதிரணியின் ஸ்பை நம் அணி ஆள்போலவே வேடமிட்டு வருவான். முதுகில் ஒரே குத்து. எத்தனை உயிர் இருந்தாலும் காலி. வேடிக்கை என்னவென்றால், வேடமிட்ட ஸ்பைக்கு மெடிக்கின் மருந்து செல்லும். நம் கையாலேயே அவனைத் தேற்றி அனுப்பலாம். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: இந்த விளையாட்டில் தோழர்கள் ஒருவரையொருவர் ஊடுருவி நடக்கலாம், எதிரி என்றால் முட்டும். சந்தேகமா, நேராக அவர்மேல் நடந்து பாருங்கள். சுட்டும் பார்க்கலாம், நம்மவருக்கு நம் குண்டு ஒன்றும் செய்யாது.

மெடிக் சலித்தால் இன்ஜினியர். கையில் 200 உலோகம் இருக்கும். 130 செலவழித்தால் தானாகச் சுடும் சென்ட்ரி, 100க்கு மருந்தும் தோட்டாவும் தரும் டிஸ்பென்சர், 50 வீதம் டெலிபோர்ட்டரின் இரண்டு முனைகள். எல்லாரும் முதலில் சென்ட்ரிதான் கட்டுகிறார்கள். தாக்கும் அணியில் இருந்தால் டெலிபோர்ட்டரை முதலில் கட்டுங்கள் என்பேன். இறந்து எழுந்தவர்கள் நெடுந்தூரம் நடந்து வராமல் நேரே முன்வரிசையில் வந்து நிற்பார்கள்.

புதியவர்கள் எல்லாரும் ஓடிப்போய் எடுப்பது தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் பின்னால் பால்கனியில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றால் வண்டியை யார் தள்ளுவது? வேண்டாம்.

வண்டி என்றது பேலோடு வகை ஆட்டத்தை. தண்டவாளத்தில் ஒரு வெடிகுண்டு வண்டி. நீல அணி அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், சிவப்பு அணி தடுக்க வேண்டும். மூன்று பேர்வரை சேரச் சேர வேகம் கூடும். பக்கத்தில் நிற்கும் நீல அணியினருக்கு வண்டியே மருந்தும் தோட்டாவும் தரும். எங்கே போவது, எங்கே நிற்பது என்ற கேள்வியே எழாது, வண்டியைப் பார்த்து நடந்தால் போதும். பேட்வாட்டர் பேசின், அப்வார்டு என்ற களங்களில் ஒன்றில் தொடங்குங்கள். 2ஃபோர்ட் பெயர்பெற்ற களம்தான், ஆனால் இரண்டு பக்கமும் சென்ட்ரிகளை நட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். அது அரட்டை மடம்.

குறைகளில் முதலாவது, தற்செயல் கிரிட் என்ற கூத்து. எப்போதாவது ஒரு குண்டு, சுட்டவரே எதிர்பாராமல், மூன்று மடங்கு அடிக்கும். சிரிப்பு மூட்டத்தான் என்பார்கள். வாங்கினவருக்குச் சிரிப்பு வருவதில்லை. அடுத்தது, இலவசக் கணக்குகள் அதிகாரபூர்வ சர்வர்களில் பேசவோ எழுதவோ முடியாது. கூடிப் பேசி ஆட வேண்டிய விளையாட்டில் புதியவரின் வாயைக் கட்டுவது பெரிய குறை. உள்ளேயுள்ள கடையில் எதையாவது ஒன்று வாங்கிவிட்டால் கட்டு அவிழும், பொருள் வைக்கும் பையும் 50 இடத்திலிருந்து 300 இடமாகும். மலிவான ஏதாவதொன்றை வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டி திறக்கும் சாவி என்று 2.49 டாலருக்கு ஒன்று விற்கிறார்கள். பெட்டிக்குள் தொப்பி வரும், என்ன தொப்பி என்று முன்னால் தெரியாது. கணக்கெழுதும் என் கை அந்தப் பக்கம் போவதில்லை. பிள்ளைகள் ஆடினால் பெரியவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கை கால் சிதறும் கேலிச்சித்திர ரத்தம் இரண்டாம்பட்சம்.

மனிதர் இல்லாமல் தானே ஆடும் கணினி நிரல்களே ஸ்னைப்பராக வந்து எல்லாரையும் சுட்டுத்தள்ளிய காலம் ஒன்று இருந்தது. 2020 தொடங்கிப் பல ஆண்டுகள் அந்தத் தொல்லை நீடித்தது. 2022 மே மாதமும் 2024 ஜூனிலும் ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தார்கள். அதற்குப் பின் போலிக் கணக்குகள் பெருமளவில் முடக்கப்பட்டன. இப்போது நான் ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலும் மனிதர்கள்தான். சந்தேகமானவரை வெளியேற்றும் வாக்கெடுப்பு வந்தால், சம்மதத்துக்கு எஃப்1, மறுப்புக்கு எஃப்2.

ஹெட்போன் இல்லாமல் மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். ஒளிந்திருக்கும் ஸ்பை வெளிப்படும்போது ஒரு சத்தம் கேட்கும். மடிக்கணினியின் ஒலிபெருக்கியில், மின்விசிறி ஓடும் அறையில், அது காதில் விழாது.