போன் மெயிலில் ஃபில்டர்: சில வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

போனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரித்து வைக்கும் விதி) போடும் இடத்தை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அப்படி ஒன்று அதில் இல்லை. பிரவுசரில் ஜிமெயிலின் டெஸ்க்டாப் பக்கத்தைத் திறந்து அங்கேதான் உருவாக்க வேண்டும். ஐபோனோடு வரும் மெயில் ஆப்பும் அப்படித்தான்; ஐகிளவுட் கணக்கு என்றால் ஐகிளவுட் இணையதளத்துக்குப் போய் விதி எழுத வேண்டும். போன் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு இது எரிச்சல். சின்னத் திரையில் டெஸ்க்டாப் பக்கத்தைப் பெரிதாக்கி, இழுத்து, ஒரு கட்டத்தில் டிக் போடுவதற்குள் பொறுமை போய்விடும்.

அந்தச் சிரமத்தை ஒருமுறை பட்டுவிடுவதே மேல் என்பது இத்தனை நாள் பழக்கத்தில் வந்த முடிவு. இப்படி இணையதளத்தில் எழுதிய விதி மெயில் நிறுவனத்தின் சர்வரிலேயே ஓடும்; போன் அணைந்து கிடந்தாலும் வேலை செய்யும். லேப்டாப்பில் பார்த்தாலும் டேப்லெட்டில் பார்த்தாலும் மெயில் ஒரே இடத்தில் இருக்கும். இதற்கு நேர்மாறானது ஆண்ட்ராய்டில் உள்ள ஃபேர்இமெயில் என்ற ஆப். அதில் விதிகளைப் போனிலேயே எழுதலாம், மெயில் வந்து இறங்கும்போது போனிலேயே அவை ஓடும். எழுதுவது சுலபம், எந்தெந்த மெயில்கள் சிக்கும் என்று முன்கூட்டியே சரிபார்க்கவும் வசதி உண்டு. ஆனால் போனுக்கு நெட் இல்லாத நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தால் இன்பாக்ஸ் குப்பையாகவே இருக்கும். மேக் கணினியின் மெயில் ஆப்பில் போடும் விதிகளுக்கும் இதே குறை: அந்தக் கணினி விழித்திருந்தால்தான் அவை ஓடும்.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டேன். எந்த மெயில் எந்த லேபிளுக்கு (ஜிமெயிலில் மெயிலை வகைப்படுத்த ஒட்டும் பெயர்) போக வேண்டும் என்பது சர்வரின் பொறுப்பு. எது வந்தால் போன் சத்தம் போட வேண்டும் என்பது மட்டும் போனின் பொறுப்பு.

இந்தச் சத்தம் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இன்பாக்ஸைத் தாண்டி நேராக வேறு ஃபோல்டருக்குப் போகும் மெயிலுக்குப் பெரும்பாலும் அறிவிப்பு வராது. மெயில் ஆப்புகள் சர்வரோடு பேசும் ஐமேப் என்ற முறையில் புது மெயில் வந்ததை உடனே தெரிவிக்கும் ஏற்பாடு, ஓர் இணைப்பில் ஒரு ஃபோல்டரை மட்டுமே கவனிக்கும்; அது வழக்கமாக இன்பாக்ஸ்தான். மற்ற ஃபோல்டர்கள், ஆப் அடுத்த முறை எட்டிப் பார்க்கும்வரை காத்திருக்கும். ஆண்ட்ராய்டு ஜிமெயிலில் ஒவ்வொரு லேபிளுக்கும் தனியாக சிங்க்கையும் அறிவிப்பையும் ஆன் செய்யலாம். கே-9 மெயில் என்ற ஆண்ட்ராய்டு ஆப்பிலும், அதிலிருந்து 2024-ல் பிறந்த ஆண்ட்ராய்டு தண்டர்பேர்டிலும் எந்தெந்த ஃபோல்டருக்கு உடனடி அறிவிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இதெல்லாம் இருந்தும் நான் கடைப்பிடிப்பது எளிய வழி: அன்றைக்கே பார்க்க வேண்டிய மெயில் என்றால் லேபிள் ஒட்டுவதோடு சரி, இன்பாக்ஸிலிருந்து நகர்த்துவதில்லை. ஓடிபி வரும் முகவரிகளை எந்த விதியும் தொடக் கூடாது. லாகின் திரை நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடுவது பெரிய கொடுமை.

சரி, எந்த விதி நீடிக்கிறது, எது செத்துப்போகிறது? மெயிலின் தலைப்பில் (சப்ஜெக்ட்) உள்ள சொல்லை வைத்து எழுதிய விதிகள்தான் முதலில் சாகும். அனுப்புகிறவர்கள் தலைப்பின் வாசகத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முழு முகவரியை வைத்து எழுதியவை இன்னும் கொஞ்சம் தாங்கும். டொமைனை (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) வைத்து எழுதியவை அதற்கும் மேல். குழு மெயில்களுக்கும் செய்திமடல்களுக்கும் லிஸ்ட்-ஐடியை மிஞ்ச ஒன்றுமில்லை. மெயிலோடு கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஹெட்டர் தகவல்களில் மறைந்திருக்கும் அடையாளம் அது, 2001-லேயே தரப்படுத்தப்பட்டது. யார் அனுப்பினாலும், தலைப்பு எப்படி மாறினாலும் அது மாறுவது அபூர்வம். ஜிமெயில் வெப்பில் அப்படிப்பட்ட மெயிலைத் திறந்து, அதன் மெனுவிலிருந்தே ஃபில்டர் போடத் தொடங்கினால் இந்த அடையாளத்தை அதுவே நிரப்பிக் கொடுக்கும்.

இன்னொன்று, கூட்டல் குறி. ஜிமெயிலில் பயனர்பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் நமக்கே வரும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்துவிட்டு, பெறுநர் முகவரியை வைத்து விதி எழுதினால் அனுப்புகிறவர் என்ன மாற்றினாலும் விதி உடையாது. சம்பந்தமே இல்லாத யாரோ அந்த முகவரிக்கு எழுதினால், அது எங்கிருந்து கசிந்தது என்பதும் தெரிந்துவிடும். கூட்டல் குறியைச் செல்லாத எழுத்து என்று தள்ளிவிடும் படிவங்கள் இன்னமும் இருக்கின்றன. அவற்றை என்ன சொல்ல.

‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற சொல் இருந்தாலே ஓரங்கட்டு என்று ஒரு யோசனை நிறையச் சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயணச்சீட்டு, ரசீது, நண்பர் ஃபார்வர்டு செய்த கட்டுரை எல்லாவற்றிலும் அந்தச் சொல் இருக்கும். அதைவிட நிஜமாகவே அன்சப்ஸ்கிரைப் செய்வது நல்லது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பர மெயிலில் ஒரே தொடுதலில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுள் 2024-ல் விதித்த பிறகு இது உண்மையிலேயே எளிதாகிவிட்டது. என் பழைய விதிகளில் பாதிக்குத் தேவையே இல்லாமல் போனதும் அதனால்தான்.

அவுட்லுக், ஃபேர்இமெயில் இரண்டிலும் விதிகள் வரிசையாக ஓடும். ஒன்று பொருந்தியதும் மேற்கொண்டு போகாமல் நிறுத்தச் சொல்லலாம். ஜிமெயிலில் அந்த வரிசை கிடையாது, பொருந்துகிற எல்லா ஃபில்டரும் மெயில் மீது பாயும். விதிவிலக்கு வேண்டுமென்றால் அந்த ஃபில்டருக்குள்ளேயே ‘இந்தச் சொல் இருந்தால் வேண்டாம்’ என்று எழுதியாக வேண்டும். இது தெரியாமல் இரண்டு ஃபில்டர் மோதிக்கொள்கின்றன என்று குழம்புகிறவர்கள் நிறைய. புரோட்டான் மெயில், ஃபாஸ்ட்மெயில் போன்ற மெயில் சேவைகளில் சீவ் என்ற விதிமொழியிலேயே நேரடியாக எழுதலாம். பழக ஒரு மாலை பிடிக்கும், ஆனால் முழு விதித்தொகுப்பும் படிக்கக்கூடிய உரையாகக் கையில் இருக்கும்.

ஜிமெயில் ஃபில்டரில் உள்ள ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்ற கட்டத்தை வங்கி முகவரிக்கு டிக் செய்யாதீர்கள். அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட முடியும். அந்தப் போலி மெயிலுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகிவிடும்.

அப்புறம், விதிப் பட்டியலை அவ்வப்போது திறந்து பார்ப்பது சுத்தத்துக்காக மட்டுமல்ல. கணக்கைக் களவாடுகிறவர்கள் மெயில்களைத் தங்களுக்குத் திருப்பிவிடும் விதியோ, எச்சரிக்கை மெயில்களை அழித்துவிடும் விதியோ எழுதி வைத்துவிட்டுப் போவது தெரிந்த உத்தி. கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். போன் ஆப்பில் அது கண்ணில் படாது, அதனால் பிரவுசரில் போய்த்தான் பார்க்க வேண்டும். ஃபில்டர் பட்டியலோடு, ஃபார்வர்டிங் பகுதியையும் சேர்த்துப் பாருங்கள்.