தென்னாப்பிரிக்கா டர்பன் கிட்ட ஹில்கிரெஸ்ட் பக்கம் ஃபெர்ன் (பெரணிச் செடி) வாங்கறவங்களுக்கு

வீட்டுக்கு தெற்கு சுவரோரம் எப்பவும் ஈரமா, பாசி புடிச்சு, புல்லு கூட ஒழுங்கா வராத இடம் இருந்தா அதை சும்மா விடாதீங்க. இந்தியாவுல இருந்து புதுசா வந்தவங்க கவனிங்க, டர்பன்ல சூரியன் வடக்குப் பக்கமா சாஞ்சு போறதால இங்க தெற்குதான் நிழல். எங்க சாட்ஸ்வொர்த் வீட்ல அந்த இடத்துக்குன்னே ஹில்கிரெஸ்ட்ல ஒரு சின்ன நர்சரில ஃபெர்ன் வாங்கினோம், ரொம்ப திருப்தி.

அங்க இருக்கற அம்மா செடிய காட்டறதுக்கு முன்னாடி இடத்த பத்திதான் கேட்டாங்க, காலைல வெயில் விழுமா, மழை பெஞ்சா தண்ணி தேங்குமா, பெர்க் காத்து (உள்நாட்டு மேட்டுப்பக்கம் இருந்து வர்ற சூடான வறண்ட காத்து) நேரா அடிக்குமான்னு எல்லாம். நான் மர ஃபெர்ன் கேட்டேன், பெருசா நின்ன ட்ரெகெயிங்கற வகை மேலதான் கண்ணு, ஆனா அவங்க அது ஓடைக்கரைல வெயிலயும் தாங்கி நிக்கற வகை, உங்க நிழலுக்கு காட்டுக்குள்ள வளர்ற கேப்பென்சிஸ்ங்கற மர ஃபெர்ன் தான் சரின்னு சொல்லி அதவிட விலை கம்மியான சின்ன செடியையே குடுத்தாங்க. விக்கறவங்க இப்படி சொல்றது எவ்ளோ பெரிய விஷயம்!

செவன் வீக்ஸ் ஃபெர்னும் எடுத்தோம், தென்கரைல இருக்கற நைஸ்னா ஊர் பக்கத்து காட்டுல தானா வளர்றது, பூக்கடைல பொக்கேக்கு வைப்பாங்களே அந்த தடிச்ச இலை. இலை மக்கு போட்டு மூடி வச்சா மழை இல்லாத ஜூன் ஜூலைலயும் பச்சையா நிக்குது. மெய்டன்ஹேர் அப்படி இல்ல, வேர் ஒரு தடவ காஞ்சாலே இலை சுருண்டுடும், பெர்க் காத்துல ஓரமெல்லாம் கருகிடுச்சு, ஆனா கருகினத அடியோட வெட்டிட்டு ஈரமா வச்சிருந்தா புதுசா சுருள் விட்டு வருது.

அந்த நர்சரில சோர்ட் ஃபெர்ன் கிடையாது. கேட்டா, அது நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா, நம்ம குவாசூலு நட்டால் மாகாணத்துல பரவி கெடுக்கற அன்னியச் செடிங்களோட 1பி லிஸ்ட்ல இருக்கு, விக்கவே கூடாதுன்னு நேரா சொல்லிட்டாங்க. ரோட்டோரத்துல அதையே பேர் கூட போடாம விக்கறாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க, கொடி மாதிரி ஓடி காட்டையே புடிச்சுக்கும்.

குறைன்னா, டெலிவரி இல்ல, அட்டைல லத்தீன் பேர் மட்டும்தான், தண்ணி எவ்ளோன்னு நாமளே கேட்டுக்கணும். அப்புறம் இலைக்கு அடில வரிசையா பழுப்பு புள்ளி இருந்தா பூச்சின்னு மருந்து அடிச்சிடாதீங்க, அது ஃபெர்னோட வித்து, அப்படியே விட்டுடுங்க.