ஐம்பதுக்குப் பிறகு ஸ்டீபன் கிங்: ‘பெட் செமட்டரி’ நாவல் பற்றி

ஸ்டீபன் கிங்கைப் பள்ளி நாட்களிலேயே படித்து முடித்தவர்கள் ஏராளம். நான் ஐம்பது வயதைக் கடந்த பிறகே அவருடைய நூல்களுக்கு வந்துசேர்ந்தேன். ‘தி ஷைனிங்’, ‘மிசரி’ ஆகியவற்றைப் படித்த பிறகு, 1983ஆம் ஆண்டு வெளியான ‘பெட் செமட்டரி’யை எடுத்தேன். இந்த நாவலைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஏனெனில் பிள்ளைகளை வளர்த்து, பெற்றவர்களை வழியனுப்பிவைத்து, வீட்டில் துக்கம் என்றால் என்னவென்று அறிந்த ஒருவர் படிக்கும்போதுதான் இதன் முழுக் கனமும் விளங்கும் என்று நினைக்கிறேன். கதையின் பெரிய இழப்பைச் சொல்லாமல் இதை மதிப்பிட முடியாது. ஒன்றும் தெரியாமல் படிக்க விரும்புவோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சிகாகோவிலிருந்து அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்துக்கு, பல்கலைக்கழக மருத்துவராக வேலை ஏற்று, மனைவி ரேச்சல், ஐந்து வயது மகள் எல்லி, கைக்குழந்தை கேஜ், எல்லியின் பூனை சர்ச் ஆகியோருடன் குடிவருகிறார் லூயிஸ் கிரீட். வீட்டுக்கு முன்னால் பாரலாரிகள் இரவும் பகலும் விரையும் சாலை. பின்னால் காட்டுக்குள், அச்சாலையில் அடிபட்டு இறந்த செல்லப் பிராணிகளை ஊர்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் புதைத்துவரும் இடுகாடு; தலைப்பு குறிப்பது இதையே. அதற்கும் அப்பால், புதைத்ததை உயிரோடு திருப்பி அனுப்பும், அமெரிக்கப் பழங்குடி மக்களின் பழைய மண். எதிர்வீட்டு முதியவர் ஜட் கிராண்டல் லூயிஸை அந்த மண்ணுக்கு அழைத்துச்செல்வது இறந்துபோன பூனைக்காகத்தான். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பது வாசகருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது, லூயிஸுக்கும் உள்ளூரத் தெரிகிறது.

பேய்க்கதை என்று நினைத்து எடுத்த எனக்கு, முதல் நூறு பக்கங்களில் கிடைத்தது மரணத்தைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்வி. பூனையும் ஒருநாள் சாகும் என்று அறிந்த எல்லி, கடவுளுக்குப் பூனை வேண்டுமென்றால் அவரே ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், இது என்னுடையது என்று அழுது ஆர்ப்பரிக்கிறாள். அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ரேச்சல் கோபம்கொள்கிறாள். அக்கோபத்தின் காரணம் பின்னால்தான் வெளிப்படுகிறது: எட்டு வயதில், நோயால் உருக்குலைந்த அக்காள் ஸெல்டாவுடன் வீட்டில் தனியாக இருந்தபோது, அவள் சாவதை ரேச்சல் கண்ணால் கண்டிருக்கிறாள். சாவைப் பற்றிப் பேசாமல் மூடிவைக்கும் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு ரேச்சல் புதியவள் அல்லள்.

கிங்கின் கைத்திறன் சின்னஞ்சிறு விவரங்களில் இருக்கிறது. திரும்பி வந்த பூனையை லூயிஸ் கையிலெடுத்துப் பார்க்கிறார். அதன் மீசை மயிரில் பச்சை நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் இரண்டு சிக்கியிருக்கின்றன. அவர் அதைப் புதைத்தது பச்சைக் குப்பைப் பையில் சுற்றித்தான். அந்த இருட்டுக்குள் அது கடித்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறது என்பதை ஆசிரியர் விளக்கிச் சொல்வதைவிட அத்துணுக்குகள் அழுத்தமாகச் சொல்லிவிடுகின்றன.

அதைவிடவும் கடுமையானது பட்டம் விடும் அத்தியாயம். லூயிஸும் சிறுவன் கேஜும் வயலில் நின்று பட்டம் விடுகிறார்கள்; நூலைப் பிடித்த பிள்ளை சிரிக்கிறான்; அவன் உயிரோடு இருக்கப்போவது இன்னும் இரண்டு மாதத்துக்கும் குறைவு என்று ஒரே வாக்கியத்தில், எந்த ஆரவாரமும் இல்லாமல், ஆசிரியர் சொல்லிவிட்டுப் போகிறார். திடுக்கிட வைப்பதற்காக இழப்பை மறைத்துவைக்கும் வழக்கமான உத்தியை அவர் கைவிட்டிருக்கிறார். பிற்பாடு, லாரிக்கு முன்னால் மகனை எட்டிப் பிடித்துவிட்டதாகவும், அவன் வளர்ந்து ஒலிம்பிக்கில் நீந்திப் பதக்கம் வெல்வதாகவும் லூயிஸ் கற்பனை செய்யும் பக்கங்கள் வருகின்றன. நடந்ததை நடக்காததாக ஆக்கிப் பார்க்கும் அந்த மன ஓட்டத்தை இத்தனை துல்லியமாக எழுதிய வேறொரு திகில் நாவலை நான் படித்ததில்லை. இறந்தவர் எழுந்து வருவதில் எனக்குப் பயம் தோன்றவில்லை. இறந்த மகனைத் தோண்டியெடுத்து அந்தப் பழைய மண்ணில் புதைக்க லூயிஸ் மண்வெட்டியை எடுக்கும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்ல என் மனம் முழுதாக ஒப்பவில்லை. நான் பயந்தது அதற்குத்தான்.

இதன் ஊற்று ஆசிரியரின் சொந்த வாழ்வில் இருக்கிறது. 1970களின் இறுதியில் மெய்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது, ஓரிங்டன் என்ற ஊரில் இத்தகைய சாலையோரத்திலேயே அவர் குடும்பத்துடன் வசித்தார். மகளின் பூனை சாலையில் அடிபட்டுச் செத்தது; சின்ன மகன் சாலையை நோக்கி ஓடினான், மயிரிழையில் தப்பினான். எழுதி முடித்தபின், எல்லை மீறிவிட்டோம் என்று கருதி அவர் இதை வெளியிடாமல் வைத்திருந்தார். டபிள்டே பதிப்பகத்துடனான ஒப்பந்தக் கடமையைத் தீர்க்கவே பிறகு கொடுத்தார். தாம் எழுதியவற்றில் தம்மை மிகவும் அச்சுறுத்திய நூல் இதுவே என்று பின்னாளில் எழுதிய முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார்.

குறைகளும் இருக்கின்றன. அமெரிக்கப் பழங்குடி மக்களுடைய நிலத்தை அச்சத்தின் ஊற்றாகக் காட்டும் கதையில், அம்மக்களில் ஒருவர்கூட உயிருள்ள பாத்திரமாக வரவில்லை. இதை இன்று படிக்கும்போது உறுத்துகிறது. ரேச்சலின் இளமைக்காலம் ஆழமாக வந்திருக்கிற அளவுக்கு, தாயாக அவள் படும் துக்கம் வரவில்லை. துக்கத்தின் பெரும்பங்கை ஆசிரியர் தந்தைக்கே கொடுத்துவிட்டார். கடைசிப் பகுதியின் ரத்தக்களரி, அதற்கு முந்தைய பக்கங்களின் நிதானத்துக்கு ஈடாகாது. நடுவில், மகனின் கல்லறையைத் தோண்டப்போகும் இரவு தேவைக்கு மேல் நீள்கிறது என்று சிலர் கருதக்கூடும். எனக்கு அந்த நீளம் வேண்டியிருந்தது; ஒவ்வொரு அடியிலும் திரும்பிப்போக வாய்ப்பிருந்தும் அவர் போகாததை அந்த நீளம்தான் உணரவைக்கிறது.

ஆங்கிலம் கடினமானதல்ல. பேச்சுவழக்கும் அமெரிக்கக் கடைப் பொருட்களின் பெயர்களும் தொடக்கத்தில் சற்றுத் தடுக்கும், பிறகு பழகிவிடும். மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்து கண்ணைச் சோர்வடையச் செய்தால், மைக்கேல் சி. ஹால் வாசித்த ஒலிநூல் நல்ல மாற்று. முதியவர் ஜட்டின் பேச்சை அவர் அவசரமின்றி, மிகையின்றிச் சொல்கிறார். அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த எவருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள் ஆசிரியரின் முன்னுரை சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்கி, அம்முன்னுரையை நாவலுக்குப் பிறகு படிக்கலாம்.