சேலத்துல வீட்டு வரி பாதி தள்ளுபடின்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, எங்க 7,850 ரூபா போச்சு

நேத்து மத்தியானம்தான் விஷயம் தெரிஞ்சுது, இன்னும் வயிறு எரியுது. எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. கடைசில எப்படி உஷாரா இருக்கணும்னு டீட்டெய்லா பாயிண்ட் பாயிண்ட்டா போடறேன், மொதல்ல நடந்ததச் சொல்லிடறேன்.

அம்மாபேட்டை பக்கம் எங்கம்மாவுக்கு ஒரு ஓட்டு வீடு, 500 சதுர அடி கூட வராது, வரி ரசீது இன்னும் அப்பா பேருலதான் வருது. அப்பா படுத்த படுக்கையா இருந்த ரெண்டு வருஷமும் அதுக்கப்பறமும் வரி கட்டவே இல்ல, வீட்டு வரி குடிநீர் கட்டணம் எல்லாம் சேர்ந்து 15,700 நின்னுச்சு. அம்மாவுக்கு வர்றது விதவை பென்ஷன் 1,200, நான் செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறைக்குப் போறேன், வெள்ளி விலை ஏறினதுல இருந்து வாரத்துக்கு மூணு நாள் வேலை இருந்தாலே பெருசு.

ஏப்ரல் மாசம் அம்மாவோட ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஆன்லைன் சர்வீஸ் கடைக்குப் போனோம். பேரு சொல்லல, பான் கார்டு, பட்டா, ரயில் டிக்கெட்னு போர்டு நெறைய எழுதி வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி கடை. அரசு இ-சேவை மையம் இல்ல, ஆனா பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கும், சுவத்துல சி.எம் போட்டோ கூட மாட்டியிருக்கான். அம்மா பேச்சு வாக்குல வரி பாக்கி நிக்குதுன்னு சொல்லிட்டாங்க. உடனே கடைக்காரன் ஸ்டூல இழுத்துப் போட்டு "உக்காருங்கம்மா, வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு பாதி தள்ளுபடி இருக்கே, உங்களுக்கு யாரும் சொல்லலையா"ன்னான். ஒரு பேப்பர் கட்டிங்க எடுத்து நீட்டினான். மாநகராட்சி ஊக்கத்தொகைன்னு அதுல நெஜமாவே போட்டிருந்துச்சு. இப்ப விசாரிச்சதுலதான் தெரியுது, அது அரையாண்டு தொடங்கி 30 நாளைக்குள்ள கட்டறவங்களுக்குக் குடுக்கற 5 சதவீதம், ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் ஆட்டோல மைக் வச்சு சொல்லிட்டுப் போவாங்களே அதுதான். ஏழை பணக்காரன்னு அதுல கணக்கே இல்ல. இவன் அந்த உண்மைக்கு மேலதான் பொய்ய ஒட்டிட்டான்.

எனக்கு அப்பவும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா கெளம்பறப்ப ஜெராக்ஸுக்கு அம்மா முந்தானைல முடிஞ்சிருந்த இருபது ரூபாய அவுத்து நீட்டினாங்க, அவன் வாங்கவே இல்ல. "எங்கம்மா மாதிரி இருக்கீங்க, உங்ககிட்ட வாங்கினா எனக்கு ஒட்டுமா"ன்னான். இருபது ரூபாய வேண்டாம்னவன் 7,850 ரூபாய அமுக்குவான்னு யாருங்க நெனப்பா? வர்ற வழியெல்லாம் அம்மா அவனுக்கு நல்ல புத்தி, நல்ல வளர்ப்புன்னு ஒரே புகழ்.

ரெண்டு நாள் கழிச்சு 5,000 ரொக்கம், 2,850 ஜிபே. ஜிபேல வந்த பேரு வேற, கேட்டா மச்சான் நம்பராம். வருமானச் சான்று வேணும்னு தனியா 350 வாங்கினான், இ-சேவைல அதுக்கு 60 ரூபாதான், சரி அந்த 350 ஐ நான் கணக்குலயே சேர்க்கல. சாயங்காலமே கலர் பிரிண்ட்ல ரசீது குடுத்துட்டான். மீதி 7,850 க்கு தள்ளுபடி ஆர்டர் போஸ்ட்ல வரும்னான்.

ஆர்டர் வரவே இல்ல. மே மாசம் கேட்டா "ஏற்காடு கோடை விழா டியூட்டிக்கு ஆபிசருங்க எல்லாம் மேல போயிட்டாங்க"ன்னான். அன்னைக்கு ராத்திரி அவன் ஸ்டேட்டஸ்ல பாத்தா ஏற்காடு ஏரில இவனே குடும்பத்தோட போட்ல உக்காந்திருக்கான். ஜூன்ல கேட்டா தாலுகா ஆபிஸ்ல ஜமாபந்தி (கிராம நிலக் கணக்கு பாக்கறது) நடக்குதாம், அதுக்கும் மாநகராட்சி வீட்டு வரிக்கும் என்னடா சம்பந்தம்னு அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல, தலையாட்டிட்டு வந்தேன். அப்பறம் சர்வர் டவுன். அப்பறம் போன வாரம் "ஆடி பண்டிகை முடியட்டும்க்கா, எதுக்கு இப்படி நச்சரிக்கறீங்க"ன்னான். ஏப்ரல்ல எங்கம்மா மாதிரின்னவன் ஜூலைல நச்சரிக்கறீங்கன்றான்.

முந்தாநாள் வீட்டுக்கு டிமாண்ட் நோட்டீஸ் வந்துச்சு. முழு 15,700, அதுக்கு மேல மாசம் ஒரு சதவீதம் வட்டி வேற. ரசீத எடுத்துக்கிட்டு பட்டறைக்கு லீவு போட்டு மாநகராட்சி மண்டல ஆபிஸுக்கு ஓடினேன். வரி வசூல் கவுண்டர்ல இருந்த சார் ரசீத வாங்கி அந்த வரி விதிப்பு எண்ண கம்ப்யூட்டர்ல அடிச்சாரு, என்னைப் பாத்தாரு, மறுபடி அடிச்சாரு. "இது கொண்டலாம்பட்டி மண்டலத்துல வேற யாரோ வீடும்மா"ன்னாரு. அப்பறம் விரல வச்சுக் காட்டினாரு, ரசீதுல எல்லா எழுத்தும் ஒரே மாதிரி இருக்கு, அப்பா பேரு மட்டும் கொஞ்சம் தடிமனா, கோட்டுக்கு மேல ஏறி நிக்குது. மூணு மாசமா அந்த பேப்பர் எங்க வீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி இருந்துச்சு, என் கண்ணுக்குப் படவே இல்ல பாருங்க. வருமானம் கம்மின்னு பாதி தள்ளுபடி எல்லாம் கெடையாதும்மா, கோயில் பள்ளிக்கூடம் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு, உங்களால முடிஞ்சா பழைய அரையாண்டுல இருந்து ஒவ்வொண்ணா கட்டிட்டு வாங்கன்னு பொறுமையாதான் சொன்னாரு. இத மொதல்லயே அங்க போய்க் கேட்டிருந்தா பஸ் காசோட முடிஞ்சிருக்கும்.

நேரா கடைக்குப் போனேன். "நான் கட்டிட்டேன்க்கா, சிஸ்டம்ல ஏறல, அவங்க தப்பு"ன்றான். எந்த நம்பர்ல கட்டினன்னு கேட்டா, கஸ்டமர் நிக்கறாங்க அப்பறம் வாங்கன்றான். நானும் கஸ்டமர்தானடா! ஸ்டேஷன்ல கேட்டா ரொக்கமா குடுத்ததுக்கு என்ன ப்ரூஃப்னு கேக்கறாங்க, ஜிபே பணத்துக்கு சைபர் கிரைம் நம்பர் 1930 க்கு போன் பண்ணி கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கேன். திங்கக்கிழமை கலெக்டர் ஆபிஸ் குறைதீர் நாள்ல மனு குடுக்கப் போறேன்.

7,850 ரூபா எங்கம்மாவுக்கு ஆறரை மாச பென்ஷன். நேத்து ராத்திரி அவங்க சாப்பிடல. பணம் போனதுக்குக்கூட இல்லயாம், அவன் பேர்ல கோட்டை மாரியம்மன் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்திருக்காங்களாம், அதுக்கு அழுவறாங்க.

சரி பாயிண்ட்ஸ். வரி பத்தி எதுன்னாலும் மண்டல ஆபிஸ்லயே போய்க் கேளுங்க. யார் ரசீது குடுத்தாலும் அன்னைக்கே உங்க வரி விதிப்பு எண்ண போட்டு ஆன்லைன்ல பாக்கி கொறஞ்சிருக்கான்னு பாருங்க. ரொக்கமா குடுக்காதீங்க, மச்சான் நம்பர் மாமன் நம்பர்னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. இன்னும் நெறைய எழுதணும்னு நெனச்சேன், பட்டறைல இருந்து போன் மேல போன் வருது, நேத்தும் லீவு. அப்பறம் போடறேன்.