230 வோல்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற அம்ப்: பழைய பேஸ் வாங்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போங்கள்

145,000 ரூபாய். பேஸ் கிட்டார் 80,000, அதன் சத்தத்தைக் கூட்டித் தருகிற ஸ்பீக்கர் பெட்டி, அதாவது அம்ப், 65,000. வீட்டில் பிளக்கைக் குத்திப் பத்துச் செக்கன் ஆவதற்குள் அம்ப் முடிந்தது. பேஸ் முடிய நாலு நாள் எடுத்தது. கோபம் ஆறமுதல் எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயர் போடவில்லை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிப்படி ஏறிப் போகவேண்டிய கடை. ஜப்பானில் இருந்து கொள்கலனில் நேரே இறக்கிய பழைய வாத்தியங்கள் என்று சொல்லி விற்கிறார்கள். அந்த மாதிரிக் கடைகள் கொழும்பில் ஒன்றிரண்டு அல்ல. எல்லோரும் கள்ளரும் அல்ல.

விலை பேசமுதலே கேட்டேன்: "அண்ணன், இது 100 வோல்ட்டா?" கேட்காமல் ஏமாந்திருந்தால் என் பிழை. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. அந்த ஊர்ச் சந்தைக்குச் செய்த அம்பை இங்கே அப்படியே குத்தமுடியாது என்பது இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் தெரியும். அவர் சிரித்துக்கொண்டு அம்பைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். மெயின் வயர் உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில் '230 வோ. 50 ஹெ.' என்று அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கர். வயர் நுனியில் புத்தம்புது 13 அம்பியர் சதுரப் பிளக். "மாத்தியாச்சு தம்பி. உள்ளுக்கு ட்ரான்ஸ்ஃபோமரே வேற. நான் நாளைக்கும் இந்தக் கடையிலதானே இருக்கப் போறன், எங்க ஓடப் போறன்?" அந்த வசனத்தில்தான் விழுந்தேன். பிளேன்டீ வந்தது. அவரே பேஸை மாட்டி வாசித்துக் காட்டினார். 15 அங்குல ஸ்பீக்கருக்கு மேசையில் இருந்த கோப்பை கிணுகிணுத்தது. இருபது நிமிஷம் ஓடியும் சூடு இல்லை. 145,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த இருபது நிமிஷமும் பிளக் எதில் குத்தியிருந்தது என்று குனிந்து பார்க்கவில்லை. இரண்டாந்தரம் சண்டைக்குப் போனபோதுதான் கண்ணில் பட்டது: மேசைக்குக் கீழே ஒரு எக்ஸ்டென்ஷன், அதன் வயர் போய்ச் சேருகிற இடத்தில் இரண்டு செங்கல் அளவில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. 230ஐ 100 ஆக இறக்குகிற ஸ்டெப்டவுன். கடையில் அம்ப் குடித்தது முழுக்க 100 வோல்ட்தான்.

வீட்டில் நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'ஃபியூஸ் இருக்குத்தானே, அது காப்பாற்றும்' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 100 வோல்ட்டுக்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபோமருக்கு 230 கொடுத்தால் அதன் இரும்புக் கோர் காந்தத்தால் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு முதற்சுற்று (பிளக் பக்கத்துக் கம்பிச் சுருள்), கரண்டைத் தடுக்கிற தன்மையை இழந்து வெறும் செப்புக் கம்பி மாதிரி இழுக்கும். ஒழுங்கான ஃபியூஸ் இருந்தால் அந்த நொடியே போயிருக்கும். நட்டம் ஒரு ஃபியூஸ். இதில் ஃபியூஸ் கூட்டுக்குப் பக்கத்தில் 3 அம்பியர் என்று எழுதியிருக்க, உள்ளே இருந்தது 10. யாரோ முன்னரும் இதே அம்பை 230இல் குத்தி ஃபியூஸ் பறந்திருக்கவேண்டும், தடித்ததைப் போட்டுவிட்டார்கள். பிளக்குக்குள் இருக்கிற 13 அம்பியர் ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற வைத்தது, அம்பை அல்ல. வீட்டு ட்ரிப் சுவிட்ச் நிலத்துக்குக் கசியும் கரண்டைத்தான் பார்க்கும், அதுவும் அசையவில்லை. உள்ளே வோல்ட் தாங்கும் அளவைத் தாண்டி ஏற, 63 வோல்ட் என்று எழுதிய இரண்டு பெரிய கப்பாசிட்டர்களும் தலை பிளந்தன. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனது. ஷோர்ட் ஆன ட்ரான்சிஸ்டர் வழியாக டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், ஸ்பீக்கருக்குப் போனது; ஸ்பீக்கரின் கூம்பு, கோன், முன்னால் தள்ளி அப்படியே நின்றது. பிறகு வார்னிஷ் கருகும் மணம். கொயில் எரிந்துவிட்டது. 8 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் அளந்தால் 6க்குக் கிட்டக் காட்டவேண்டும். இது ஒன்றுமே காட்டவில்லை. ஆக ட்ரான்ஸ்ஃபோமர், பவர் பகுதி, ஸ்பீக்கர் மூன்றும் ஒரே மூச்சில்.

ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினேன். கீழே தகட்டில் '100 வோ. 50/60 ஹெ.' பளிச்சென்று. ஸ்டிக்கரின் பசை இன்னும் காயவில்லை.

அன்று மாலையே அழைத்தேன். முதல் பதில்: "உங்கட வீட்டில கரண்ட் கூட வருது போல." அடுத்த நாள்: "பிளக்கை நீங்க மாத்தினீங்களோ?" நான் ஏன் மாற்ற, அவர் போட்டுத் தந்த பிளக் அல்லவா. மூன்றாம் நாள், பழுதுபார்ப்பவர் ஊருக்குப் போய்விட்டார், திங்கள் வருவார். திங்கள், அவருக்குக் காய்ச்சல். ஸ்டிக்கரின் படத்தை வட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "பழைய சாமானுக்கு வாரண்டி இல்லைத் தம்பி, அது உங்களுக்குத் தெரியாதே?" என்கிறார். வாரண்டி நான் கேட்கவில்லை. பொய் எழுதி ஒட்டியதைத்தான் கேட்டேன். கடைசியாக ஒரு உபகாரம்: "பழுதெண்டா 15,000க்கு நானே எடுக்கிறன்." 65,000க்கு வித்தவர்.

இனி பேஸ். ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் அமைப்பு: கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்கள், அதாவது பிக்அப், இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வொலியூம், பொதுவாக ஒரு டோன். கடையில் அவர் வாசித்ததெல்லாம் இரண்டு வொலியூமும் முழுக்கத் திறந்தபடி. அப்படித் திறந்திருக்கையில் ஒரு பிக்அப் செத்திருந்தாலும் மற்றது வாசிக்கும். வித்தியாசம் லேசில் பிடிபடாது. ஆனால் ஒரு அடையாளம் உண்டு, அதை நான் கோட்டைவிட்டேன். இந்த அமைப்பில் தனித்தனியே இரைகிற பிக்அப்கள் இரண்டும் முழுக்கத் திறந்ததும் ஒன்றின் இரைச்சலை ஒன்று வெட்டிவிடும், அந்த இரைச்சல் சட்டென்று அடங்கும். இதில் அடங்கவில்லை. கழற்றி அளந்தால் கழுத்துப் பக்கத்துப் பிக்அப் 7.4 கிலோ ஓம், நல்லது. கம்பிகளின் அடிநுனியைத் தாங்குகிற பிரிட்ஜ் பக்கம் மீட்டர் அசையவேயில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. கடற்காற்றுக்குப் பிக்அப்பின் காந்தத் துண்டுகள் துருப்பிடித்து, மயிரிழைக் கம்பியை அறுப்பது இங்கே புதிதல்ல.

அதைச் சுற்றிக்கூட எடுக்கலாம். கழுத்துத்தான் பெரிய ஏமாற்று. கம்பிகள் எல்லாம் ஒரு முழுச் சுரம் கீழே இறக்கி இருந்தன. "கம்பி பழசு, அறுந்திடும், அதான் இறக்கி வச்சிருக்கு" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. கணக்கைப் பாருங்கள்: 45–105 தடிப்புக் கம்பி செட் ஒன்று சரியான சுருதியில் கழுத்தை ஏறக்குறைய 80 கிலோ எடையில் இழுக்கும். ஒரு முழுச் சுரம் இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு குறையும், 16 கிலோ. அந்த இழுவை இல்லாமல் கழுத்து நேராகத் தெரிந்தது. வீட்டில் புதுக் கம்பி போட்டுச் சரியான சுருதிக்கு ஏற்றி நாலு நாள். முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கழுத்து உடலைச் சேரும் ஃப்ரெட்டிலும் ஈ (E) கம்பியை அழுத்திப் பிடித்தால் எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு, 0.3 மில்லிமீற்றர் அளவு, இருக்கவேண்டும். இதில் ஐந்து கார்ட் போகிறது. கழுத்துக்குள் அதை நிமிர்த்துகிற இரும்புக் கம்பியை, ட்ரஸ் ரொட்டை, இறுக்குவோம் என்று சாவியை வைத்தால் கால் சுற்றுக்கூட ஏறவில்லை. ரொட்டின் நட் ஏற்கனவே புரிகளின் கடைசியில். நெஞ்சு எரிகிறது, ஏனென்றால் சாவியை ஒரு தரம் கடையிலேயே வைத்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். பையில்தான் கிடந்தது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரித்ததில், ட்ரான்ஸ்ஃபோமரைச் சுற்றி, ஸ்பீக்கருக்குக் கோனும் கொயிலும் புதிதாகப் போட்டு, போர்டையும் பார்ப்பதென்றால் இன்னொரு அம்ப் வாங்கலாம் என்றார்கள். 145,000 ரூபாய்க்கு மிஞ்சியது ஒரு நல்ல பிக்அப்பும் ஒரு மரப்பெட்டியும்.

விவரமாக ஒரு பட்டியல் எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பிளக் போகிற வயரைக் கையால் பிடித்துச் சுவர்வரை போய்ப் பாருங்கள். ஸ்டிக்கரைச் சுரண்டுங்கள், சுரண்டவிடாவிட்டால் வெளியே வாருங்கள். ஃபியூஸைக் கழற்றி அதன் மூடியில் இருக்கும் எண்ணைத் தகட்டோடு ஒப்பிடுங்கள். பேஸை டியூனரில் சரியான சுருதிக்கு ஏற்றச் சொல்லி, அரை மணித்தியாலம் கழித்துக் கழுத்தைப் பாருங்கள். வொலியூம்களை ஒவ்வொன்றாக மூடித் திறவுங்கள். '230க்கு மாற்றியது' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நான் வாங்கின துண்டில் 'கிட்டார் செட் 1' என்று மட்டும் கிடக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைக்கவேண்டியிருக்கிறது.

நேற்றிரவு அதே கடை புது விளம்பரம் போட்டிருக்கிறது. வேறு அம்ப், 12 அங்குலம். மூன்றாவது படம் பின்பக்கம். அதே வெள்ளை ஸ்டிக்கர், ஒரு மூலை கொஞ்சம் மடிந்திருக்கிறது.