மலேசியாவில் அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும்: பல வருடப் பயன்பாட்டில் தெரிய வருபவை

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றில் ஒன்று வந்துவிட்டாலும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) உங்கள் பெயரில் ஒரு கோப்பைத் திறந்துவிடுங்கள். கையில் காப்புறுதி அட்டை இருந்தாலும் இதைச் செய்யுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதற்குள் அடங்கும். தனியாரில் இதே நோய்க்கு மாதாமாதம் டாக்டர் கட்டணமும் மருந்துச் செலவும் சொந்தப் பணத்தில்தான் போகும். மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் வார்டில் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். வெளிநோயாளியாக வாழ்நாள் முழுக்க விழுங்கும் மாத்திரைக்கு அது பணம் தராது. வேலையை விட்டதும் கம்பெனி கார்டும் போய்விடும். அறுபது வயதுக்கு மேல் புதிதாக வரிசையில் நிற்பதைவிட, ஐம்பதிலேயே அங்கே பழகிய நோயாளியாக இருப்பது நல்லது.

முதல் தடவை அடையாள அட்டையோடு காலையிலேயே போய்விட வேண்டும். தனியாரில் எடுத்த பழைய ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மருந்துகளின் அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பெயரைச் சொல்வதைவிட மருந்து அட்டையைக் காட்டுவது மேல், மில்லிகிராம் அளவு அதில்தான் இருக்கிறது. அடுத்தடுத்த தேதிகளை மைசெஜாத்தெரா செயலியில் பார்த்துக்கொள்ளலாம், பல கிளினிக்குகளில் அதிலேயே நேரம் எடுக்கவும் முடியும். சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரகச் செயல்பாடு, சிறுநீரில் புரதம், விழித்திரைப் படம், பாதப் பரிசோதனை எல்லாம் வருடாந்தர ஒழுங்கில் வரும். இந்த ஒழுங்குதான் அரசு கிளினிக்கின் பெரிய பலம். கண்ணையும் காலையும் நீங்கள் மறந்தாலும் அந்தப் பதிவுப் புத்தகம் மறக்காது.

இங்கே அடிக்கடி கெட்டுப்போவது ரத்தம் எடுக்கும் நாள். டாக்டரைப் பார்க்கும் தேதிக்கு ஓரிரு வாரம் முன்னால் ரத்தம் கொடுக்கத் தனித் தேதி போடுவார்கள். சந்திப்பு அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கும். பலர் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வருவார்கள். டாக்டர் முன்னால் முடிவு எதுவும் இருக்காது. பழைய மருந்தையே எழுதி, இன்னும் சில மாதம் தள்ளித் தேதி தருவார். சர்க்கரை ஏறிக்கிடந்தாலும் அந்த மாதங்கள் அப்படியே போய்விடும். கொழுப்புப் பரிசோதனையும் சேர்ந்திருந்தால் முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் வர வேண்டுமா என்று தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சுக்கு ஒரு மருந்துப் பட்டியல் உண்டு. உள்ளே இருப்பவர்கள் நீலப் புத்தகம் என்பார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அதில் ஒரு தரம் இருக்கும். பி தரத்தைச் சாதாரண மருத்துவ அதிகாரி எழுதலாம். ஏ தரத்தை நிபுணர்தான் தொடங்க வேண்டும். ஏ/கேகே என்றிருந்தால் கிளினிக்கில் உள்ள குடும்ப மருத்துவ நிபுணரும் எழுதலாம். தனியார் நிபுணர் எழுதிய புதுவகை மாத்திரையோடு கிளினிக்குக்குப் போனால் "இது எங்களிடம் இல்லை" என்று சொல்வது இதனால்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு மருந்துக்கு மாற்றுவார்கள், இல்லையென்றால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மாற்றியபின் முதல் சில வாரங்களுக்கு வீட்டில் அழுத்தமோ சர்க்கரையோ பார்த்து எழுதி வைப்பது அவசியம், ஏனென்றால் அளவு சரியாகப் பொருந்தாமல் போவது அந்த இடைவெளியில்தான்.

நீண்டகால மருந்துச் சீட்டு சில மாதங்களுக்குச் செல்லும். ஆனால் கவுண்டரில் பொதுவாக ஒரு மாத அளவுதான் கையில் கொடுப்பார்கள். மீதியை வாங்க அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை. எஸ்பியுபி என்ற ஏற்பாட்டில், முதல் மாத மருந்தை எழுதிக்கொடுத்த இடத்தில் வாங்கிக்கொண்டு, மீதியை வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கலாம். ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் அந்தப் படிவம் வரும். சில இடங்களில் காரில் இருந்தபடியே வாங்கும் கவுண்டரும், தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு. தபாலுக்குக் காசு நம்முடையது. இன்சுலின் போலக் குளிரில் வைக்க வேண்டியவை தபாலில் வராது. ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கக் கிளம்பிவிடுங்கள். நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள், தீபாவளி விடுமுறை வாரங்களில் இதை விட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

மருத்துவமனை நிபுணரைப் பார்க்கக் கடிதம் வேண்டும். அரசு கிளினிக்கின் கடிதத்தோடு போனால் முதல் சந்திப்புக்குக் கட்டணமில்லை. தனியார் டாக்டரின் கடிதத்தோடு போனால் 30 ரிங்கிட். அதற்குப்பின் ஒவ்வொரு முறையும் 5 ரிங்கிட். கட்டணத்தைவிடக் கடிதத்தில் இருக்கும் எழுத்துதான் முக்கியம். "மூட்டு வலி, பரிசோதிக்கவும்" என்று ஒரு வரி எழுதிய கடிதம் வழக்கமான வரிசைக்குப் போகும். எத்தனை நாளாக வலி, எடை எவ்வளவு குறைந்தது, எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று எழுதிய கடிதம் முன்னால் நகரும், ஏனென்றால் அவசரத்தை முடிவு செய்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தாளைத்தான் பார்க்கிறார். ஆகவே கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை முதலில் செலவழிக்க வேண்டிய இடம் நோயைக் கண்டுபிடிக்கும் கட்டம். தனியாரில் ஸ்கேன் எடுத்து, படங்களை சிடியில் கேட்டு வாங்கி, ரிப்போர்ட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் மாதக்கணக்கில் காத்திருப்பு குறையும். சிகிச்சையை அங்கேயே தொடரலாம்.

அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகள். வந்த நேரத்துக்கும் அழைக்கும் வரிசைக்கும் சம்பந்தம் கிடையாது. பச்சையில் உட்கார்ந்தால் பல மணி நேரம் ஆகும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அங்கே போவது வீண். சில கிளினிக் கெசிஹாத்தான்கள் இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கின்றன, அங்கே போகலாம். நெஞ்சை அழுத்தும் வலி, ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்வது, மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் 999. அப்போது அரசா தனியாரா என்ற கணக்கே வேண்டாம், பக்கத்தில் இருப்பதுதான் சரியான மருத்துவமனை.

தனியாரின் பலம் வேகம். இன்று போனால் இன்றே நிபுணர், நாளையே எண்டோஸ்கோப்பி. விலை எங்கே ஏறுகிறது என்பது பலருக்குப் புரிவதில்லை. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிகளில் டாக்டரின் கட்டணத்துக்குத்தான் உச்சவரம்பு இருக்கிறது. அறை, மருந்து, கையுறை, ஊசி, நூல், அறுவை அறை வாடகை ஆகியவற்றுக்கு அப்படி வரம்பு இல்லை. பில் கனப்பது அங்கேதான். வெளியேறும்போது வகைவாரியான பில் கேட்டு, போடாத மருந்து, திருப்பிக் கொடுத்த பொருள் ஏதாவது இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். கவுண்டரில் இதைக் கேட்பது உங்கள் உரிமை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். கிளினிக்கில் விலை அதிகம் என்று பட்டால் மருந்துச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே கடையில் வாங்கலாம்.

செலவை ஏற்பதாக மருத்துவமனைக்குச் சொல்லும் காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் இரண்டு கட்டமாக வரும். சேரும்போது வருவது ஆரம்பக் கடிதம் மட்டுமே. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபிறகு இறுதிக் கடிதத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். புதிய பாலிசி எடுத்த முதல் 30 நாளும், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புற்றுநோய், பித்தக்கல், குடலிறக்கம் போன்றவற்றுக்கு முதல் 120 நாளும் பொதுவாகப் பாதுகாப்பு கிடையாது. அதற்குப் பிறகும், பழைய நோயை மறைத்திருந்தால் கடிதம் மறுக்கப்படும். முகவர் "இதைச் சொல்ல வேண்டாம்" என்று சொன்னாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். பிரீமியம் ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளில் பரப்ப வேண்டும் என்று 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னது 2026 இறுதி வரைக்குமான இடைக்கால ஏற்பாடு. வயதான பெற்றோரின் பாலிசியைக் கைவிடும் முன் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை நாமும் கட்டும் வகைத் திட்டம் அதே நிறுவனத்தில் உண்டா என்று கேளுங்கள். விட்டபின் புதிதாக எடுத்தால் பழைய நோய்கள் எல்லாம் விலக்காகிவிடும்.

உண்மையான ஆபத்து நடுவழியில் மாறுவதில்தான் இருக்கிறது. தனியாரில் தீவிர சிகிச்சை வார்டில் படுத்திருக்கும்போது காப்புறுதி வரம்பு தீர்ந்துவிட்டால், அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது குடும்பம் நினைக்கிறபடி அன்றே நடக்காது. தனியார் டாக்டர் அரசு மருத்துவமனையில் அந்தத் துறையின் டாக்டரோடு பேச வேண்டும், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், கட்டில் காலியாக வேண்டும். அதுவரை ஒவ்வொரு நாளும் பில் ஓடும். ஆம்புலன்ஸ் செலவும் குடும்பத்துக்குத்தான். வரம்பில் பாதி போன அன்றே "மாற்ற வேண்டி வந்தால் எப்போது, எங்கே" என்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். பக்கவாதம், பெரிய விபத்து, குறைப்பிரசவம், நீண்ட புற்றுநோய்ச் சிகிச்சை போன்று முடிவு தெரியாத செலவுகளை முதல் நாளிலிருந்தே அரசில் வைத்துக்கொள்வது நம் கருத்தில் சரி.

அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் கட்டணம் நாளுக்கு 3 ரிங்கிட் என்றாலும், எலும்பில் பொருத்தும் தகடு, இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் போன்ற சாதனங்களை நோயாளியே வாங்கச் சொல்லலாம். உடனே கடன் வாங்க ஓடாதீர்கள். வார்டு நர்ஸிடம் மருத்துவ சமூகப் பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் மூலம் மருத்துவ உதவி நிதிக்கும், தகுதி இருந்தால் குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 திட்டத்துக்கும் மனுப் போடலாம். பெக்காவில் சாதனத்துக்கு 20,000 ரிங்கிட் வரை உண்டு. சாதனத்தை வாங்குவதற்கு முன்பே மனு போக வேண்டும். வாங்கிவிட்டு ரசீதைக் கொண்டுபோனால் பணம் வராது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், வீட்டு வாடகை ரசீது ஆகியவற்றை ஒரு உறையில் தயாராக வைத்திருந்தால் அறுவைத் தேதி தள்ளிப்போகாது.

அரசு வார்டில் படுத்தவர்களிடம் காப்புறுதி இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பல பாலிசிகளில் அரசு மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரொக்க உதவி உண்டு. கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை. சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் உள்ள வெளியேற்றச் சீட்டை மருத்துவமனை முத்திரையோடு வாங்கி, நகல் எடுத்து அனுப்பினால் போதும்.