‘தினசரி பேக்கப் இலவசம்’ என்றார்கள், நம்பினோம்

போன ஆடியில் ஒரு நாள் காலையில் எங்கள் விக்கியை (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளம்) திறந்தால், ‘இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்று ஒற்றை வரி நிற்கிறது. பணம் பாக்கி கிடையாது. தளத்தை வைக்க சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மூன்று வருடத்துக்கு மொத்தமாக 7,500 ரூபாய் கட்டி, பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

கடற்கரை ஊர்களில் மீன்களுக்கு வழங்கும் பெயர்களைச் சேர்க்கும் விக்கி அது. நாங்கள் ஏழு பேர். சென்னையில் வஞ்சிரம் என்பதைக் குமரிப் பக்கம் நெய்மீன் என்பார்கள், இலங்கையில் அறுக்குளா. எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே பக்கத்துக்கு வந்து சேரும்படி வழிமாற்று போட்டிருந்தோம். நாலு வருட உழைப்பில் அறுநூறு சொச்சம் பக்கம், இரண்டாயிரத்துச் சொச்சம் படம். பாதிப் படங்கள் விடிகாலையில் ஏலக்கூடத்தில் நின்று எடுத்தவை.

அவர்களுக்குப் புகார் டிக்கெட் போட்டேன். மூன்று நாள் கழித்து, ‘சர்வர் மாற்றும் பணி நடக்கிறது’ என்று பதில். போன் செய்தால், “டெக்னிக்கல் டீம் பார்த்துட்டு இருக்காங்க சார்.” பதினோராவது நாள்தான் உண்மை வந்தது. டிஸ்க் போய்விட்டதாம். சரி, தினமும் எடுப்பதாகச் சொன்ன பேக்கப், அதாவது மாற்று நகல்? அதுவும் அதே மெஷினில்தான் இருந்ததாம்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து நானே உச்சுக்கொட்டியிருக்கிறேன். நம்முடையது எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அதோடு முடியவில்லை. வேறு மெஷினில் இருந்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஐம்பதாயிரம் கோப்புகளைத் தாண்டிய கணக்குகளுக்குப் பேக்கப் எடுக்க மாட்டார்களாம். “விதிமுறைகள்லயே இருக்கே, பார்க்கலையா சார்?” இருந்தது. விளம்பரத்தில் கொட்டை எழுத்து, அங்கே எறும்பு எழுத்து.

இரண்டாயிரம் படத்துக்கு ஐம்பதாயிரம் கோப்பு எப்படி வரும் என்றுதானே கேட்பீர்கள்? எங்கள் விக்கியை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கி ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் சிறுபடங்களை உருவாக்கி ‘தம்ப்’ என்ற அடைவில் (ஃபோல்டரில்) போட்டுக்கொண்டே போகும். எங்கள் எண்ணிக்கையைத் தூக்கியது அந்தக் குப்பைதான். அதை மொத்தமாக அழித்தாலும் மூலப்படத்திலிருந்து மறுபடி உருவாகிவிடும். ஒருவர் ஒரு வரி சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

அப்புறம் எங்கள் கையில் இருந்ததைத் துழாவினோம். குழுவில் இருக்கும் ஓர் அக்காவின் மடிக்கணினியில், விக்கியின் ‘சிறப்பு:ஏற்றுமதி’ பக்கம் வழியாக எடுத்த, பக்கங்களின் எழுத்து அடங்கிய எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று இருந்தது. துள்ளிக் குதித்தோம். திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, ‘நடப்புப் பதிப்பு மட்டும்’ என்ற பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும், அதை அவர் எடுக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நடந்த திருத்தங்களின் வரலாறு போச்சு. யார் எதை எழுதினார்கள் என்பது வரலாற்றில்தான் இருக்கிறது. நாங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், எழுதியவர் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்கும் நிபந்தனையோடு வெளியிட்டவர்கள். இப்போது யாருக்கென்று நன்றி சொல்வது?

இன்னொன்று. பகுப்பு (ஒரே வகைப் பக்கங்களின் தொகுப்பு) வாரியாகப் பக்கங்களைச் சேர்த்து ஏற்றுமதி செய்திருந்தார். வழிமாற்றுகளை நாங்கள் எந்தப் பகுப்பிலும் போட்டதில்லை. வஞ்சிரம் வந்தது, அறுக்குளா வரவில்லை. அந்த விக்கியின் உயிரே அந்தப் பெயர்கள்தான். அக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவர் மேல் தப்பே இல்லை, மற்ற ஆறு பேர் அதுகூடச் செய்யவில்லை.

விக்கியின் எழுத்தெல்லாம் இருக்கும் டேட்டாபேஸிலிருந்து நான் எப்போதோ எடுத்த நகல் ஒன்றும் கிடைத்தது. எழுத்துக்குறி அமைப்பைக் கவனிக்காமல் எடுத்ததால் தமிழெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. எடுத்த அன்றே ஒருமுறை ஏற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் நூற்றுச் சொச்சம் பக்கங்கள் கிடைத்தன, பெரும்பாலும் படமில்லாமல்.

இப்போது வேறு இடத்தில் புதிதாகத் தொடங்கியிருக்கிறோம். ஞாயிறுதோறும் மூன்று தனித்தனியாக எடுக்கிறோம்: டேட்டாபேஸ், படங்கள் அடைவு (தம்ப் இல்லாமல்), விக்கியின் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. மாதம் ஒருமுறை மீடியாவிக்கியோடு வரும் ‘டம்ப்பேக்கப்’ நிரலை முழு வரலாற்றோடு ஓட்டி எக்ஸ்எம்எல் எடுக்கிறோம். அதில் பயனர் கணக்குகள் வராது, ஆனால் எந்த மீடியாவிக்கியிலும் ஏற்றலாம். சர்வருக்குள் நுழைய வழியில்லாதவர்கள் விக்கிகளை நகலெடுத்துக் காக்கும் விக்கிடீம் குழுவின் கருவியைப் பாருங்கள். வெளியிலிருந்தே வரலாற்றையும் படங்களையும் இழுத்துவிடும், அதை வேபேக் மெஷினை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றி வைக்கலாம். உரிமம் திறந்ததாக இருந்தால் நமக்குப் பிறகு வேறு யாராவதுகூட எடுத்து நடத்துவார்கள். நகலை மடிக்கணினியில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. முதல் தடவை ஓடவில்லை, நீட்சி (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்) ஒன்றின் பதிப்பு ஒத்துவரவில்லை.

டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், அதன் கதையும் உண்டு. ஹோஸ்டிங்கோடு ‘இலவசமாக’ வந்தது. பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால், அவர்கள் பெயரில். மாற்றித் தர 4,000 கேட்டார்கள். கொடுக்கவில்லை. புது டொமைனை வேறொரு பதிவாளரிடம், குழுவில் இருவருக்குக் கடவுச்சொல் தெரியும்படி வாங்கியிருக்கிறோம்.

பழைய முகவரியில் இப்போது ஏதோ கடன் செயலி விளம்பரம் ஓடுகிறது. எங்கள் பழைய இணைப்பைச் சேமித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள், அங்கே போன் எண்ணோ ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள்.